மீட்டர் ரீடரின் இருபத்து மூன்று முகங்கள்

என் அப்பா சாமிக்கண்ணு புதுச்சேரியில் முப்பத்தோரு வருடம் மின் மீட்டர் ரீடராக வேலை பார்த்தார். 2005-இல் ஓய்வு பெற்றார். இந்த வருடம், 2009 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மாரடைப்பில் இறந்தார். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "தங்கமான மனுஷன், ஒருத்தருக்கும் தொந்தரவு குடுத்ததில்ல." இது தவறான தகவல். ஒரு விஷயத்துக்காக அவர் பதினாறு வருடம் என் அம்மாவுக்குத் தொந்தரவு கொடுத்தார். அதைச் சரியாக எழுதிவைக்க வேண்டும். நான் சேதராப்பட்டில் மின்கருவிகளைச் சோதித்துச் சான்று எழுதுகிறவள். எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான்.

அப்பாவின் ஊர் பாகூர்ப் பக்கம். நிலத்தைப் பார்த்துக்கொள்ள மூன்று அண்ணன்கள் இருந்ததால் இவர் டவுனுக்கு வேலைக்கு வந்தார். நெல்லித்தோப்பில் வீடு. காலை எட்டு மணிக்கு சைக்கிளில் கிளம்புவார். கையில் பதிவேடு, காதில் பென்சில், இடுப்பில் டார்ச், சட்டைப்பையில் நாய்களுக்கான பிஸ்கட். வீடுகளை அவர் ஆட்களை வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. மீட்டர் இருக்கும் இடத்தை வைத்துத்தான். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய டாக்டர் அவரை நிறுத்தி நலம் விசாரித்துவிட்டுப் போனார். யாரப்பா அது என்று கேட்டேன்.

"மாடிப்படிக்குக் கீழ, இடது கைப் பக்கம். பல்லி இருக்கும்" என்றார்.

அந்தக் காலத்து மீட்டரில் கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுற்றும். விளிம்பில் சிவப்புக் கோடு. மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று அறிய அந்தக் கோடு ஒரு சுற்று வரும்வரை பார்க்க வேண்டும். பல பேர் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா பார்ப்பார். ஒரே ஓர் அறுபது வாட் விளக்கு எரியும் வீட்டில் ஒரு சுற்றுக்கு நூறு வினாடி ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த நூறு வினாடியும் அவர் அசையமாட்டார், பேசமாட்டார், அநேகமாக இமைக்கவும் மாட்டார்.

இதனால்தான் அவர் முசியே லொரானிடம் மாட்டிக்கொண்டார்.

லொரான் ஓவியர். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். பாரிசில் படித்துவிட்டுத் திரும்பி வந்து துய்மா வீதியில் குடும்ப வீட்டில் தனியாக இருந்தார். முகங்களை மட்டும் வரைவார். அவர் வீட்டு மீட்டர் நுழைந்ததும் நடையில், குடை மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில் இருந்தது. 1984-இல் ஒருநாள் அப்பா அதன் முன்னால் நின்றிருக்கிறார். அது பகல் வேளை; வீட்டில் எதுவும் பெரிதாக ஓடவில்லை. தட்டு நகர்வதாகத் தெரியவில்லை. லொரான் பின்னால் வந்து நின்று பார்த்திருக்கிறார்.

"நீ இப்பிடியே எவ்ளோ நேரம் நிப்ப?"

"தட்டு சுத்தி வர்ற வரைக்கும், முசியே."

"சுத்தவே இல்லன்னா?"

"அப்ப கம்ப்ளெயிண்ட் எழுதணும்."

"எழுத வேணாம். உள்ள வந்து உக்காரு."

அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ரீடிங் எடுக்கப் போகும் நாளில், அப்பா அவருக்கு நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு படம். பால்காரர், மாதா கோயிலில் மணி அடிப்பவர், ஐஸ் விற்பவர் என்று வேறு பலரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அசையாமல் இருப்பதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை என்று லொரான் சொன்னாராம். அப்பாவுக்கு ஆபீசில்கூட யாரும் அப்படி ஒரு பாராட்டு கொடுத்ததில்லை. ஏரியா மாற்றிப் போடும்போதெல்லாம், உடன் வேலை செய்பவர்களிடம் கெஞ்சி, துய்மா வீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. உட்காருகிறவர் கையில் எதுவும் இருக்கக்கூடாது என்பது லொரானின் விதி. அப்பா மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினதுமே பதிவேட்டைப் பிடுங்கி ஜன்னல் மேடையில் வைத்துவிடுவார். நாற்பது நிமிடம் முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்து எழுந்தால் எண் மறந்துவிடும். மறுபடி நடைக்குப் போய்ப் பார்த்தால் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். "அதுக்குள்ள ஏறியிருக்கும்" என்றார். எனவே உட்காருமுன், சட்டத்தில் மாட்டித் தயாராக நிற்கும் துணியின் பின்பக்கம் பென்சிலால் ரீடிங்கை எழுதிவைப்பார். எழுந்ததும் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவார். பென்சில் எழுத்தை அழிப்பதில்லை. லொரானும் தன் படத்தின் பின்பக்கத்தைப் பார்க்கிறவர் இல்லை.

படத்தின் முன்பக்கம் வேறு மாதிரி. நவீன ஓவியம். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. ஒரு கண் தன் இடத்திலும் இன்னொன்று கன்னத்திலும். அப்பாவுக்கு இதில் குறையே இல்லை. "வரையறது அவரு வேல. உக்கார்றது என் வேல" என்பார்.

வீட்டில் இது எடுபடவில்லை. அம்மா பெயர் ராஜாம்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு மாதத்துக்கு ஒருநாள் இந்த மனிதர் தாமதமாக வருகிறார், கண் சொருகியிருக்கிறது, சட்டையில் காட்டமாக ஒரு வாடை அடிக்கிறது. அது சாயம் கரைக்கிற டர்பன்டைன் வாடை. அம்மா டர்பன்டைனை முகர்ந்ததில்லை. தெருவுக்கு ஒரு சாராயக் கடை இருக்கிற ஊரில் அவளுக்கு அந்த வாடைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"படம் எழுத உக்காந்தேன்" என்பார் அப்பா.

"உங்கள எதுக்கு எழுதறாங்க?" என்பாள் அம்மா.

1991 தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவின் தம்பி ராஜாங்கம் நோணாங்குப்பத்தில் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தார். அப்பா காலையில் நாலு தெரு மட்டும் பார்த்துவிட்டு அரை நாள் லீவு போட்டு பதினொரு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். வந்தது மூன்றரை மணிக்கு. பந்தி முடிந்து வாழைமரத்தைக்கூட ஆடு தின்றுகொண்டிருந்தது. சட்டையில் அதே வாடை. அன்று லொரான் நாற்பது நிமிடத்தில் விடவில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் வரைந்தாராம். "படம் நல்லா வருதுன்னு அவரு மொகத்துலயே தெரிஞ்சிது. எப்பிடி எழுந்துக்கறது?" என்பது அப்பாவின் வாக்குமூலம். அம்மா தன் பிறந்த வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "சாராயக் கடையில உக்காந்துட்டு வராரு. எல போடாத தம்பி, அவருக்குச் சோறு எறங்காது."

அதன்பிறகு அவள் பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசிவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது. அப்பாவுக்கு முடியவில்லை. சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, ஒரு சம்பந்தமும் இல்லாமல் ஆரம்பிப்பார்.

"ராஜாம்பா, அன்னைக்கு நான் கடைக்குப் போகல."

"நான் கேட்டனா?"

"கேக்கல. சொல்றேன்."

1995-இல் லொரானின் கண்காட்சி ஒன்று நடந்தது. அப்பா அம்மாவைக் கூட்டிப்போனார். நானும் போனேன். ஒரு நீல முகத்தின் முன்னால் அம்மாவை நிறுத்தி, "இது நான்" என்றார். அம்மா படத்தையும் அவரையும் இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்தாள். லொரான் பக்கத்திலேயே நின்றிருந்தார். சாட்சிக்கு இவரைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று அப்பா அவரையே கேட்டார்: "முசியே, இது நான்தான்னு சொல்லுங்க."

லொரான் யோசித்துவிட்டு, "இல்ல. இது நான் பாத்தது" என்றார்.

அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "வரைஞ்சவரே இல்லன்னுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

2003-இல் லொரான் இறந்தார். அப்பாவுக்கிருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. 2006 கடைசியில் பேப்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. லொரானின் நாற்பது வருட ஓவியங்களைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் வரப்போகிறது, அவருக்கு உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் துய்மா வீதி வீட்டுக்கு வந்து விவரம் தரலாம். அப்பா அதைக் கத்தரித்து சட்டைப்பையில் மூன்று நாள் வைத்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சுமா, ஞாயித்துக்கெழம சும்மா இருக்கியா?"

"எதுக்குப்பா?"

"அந்த நோணாங்குப்பத்து நாளு படம், புஸ்தகத்துல என் பேரோட, வருஷத்தோட வரணும். அச்சுல வந்துட்டா உங்கம்மா ஒண்ணும் சொல்ல முடியாது."

போனோம். நடையில் நுழைந்ததும் அப்பா கொக்கிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "டிஜிட்டல் போட்டுட்டாங்க" என்றார். துக்க வீட்டில் பேசும் குரலில் சொன்னார்.

ஈனெஸ் என்ற அம்மாள் எங்களை உட்காரவைத்தார். லொரானின் தங்கை மகள். ஐம்பது வயது. துலூஸ் நகரில் ஆசிரியையாக இருந்துவிட்டு, மாமா இறந்தபிறகு இந்த வீட்டுக்கு வந்தவர். அப்பாவை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. மேசைமேல் புத்தகத்தின் மாதிரித் தாள்கள் பரப்பியிருந்தன. புத்தகத்துக்குக் கட்டுரை எழுதும் கோபிநாத் என்பவரும் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

அட்டைப்படத்தைப் பார்த்ததும் அப்பா விரலை வைத்தார். மஞ்சள் பின்னணி. பச்சையும் ஊதாவுமாக ஒரு முகம், மார்புவரை. "இதான் அந்த நாளு படம். இது நான்" என்றார்.

ஈனெஸ் அலுத்துப்போன குரலில் சொன்னார்: "நீங்க நாலாவது ஆளு, அண்ணே."

அறிவிப்பு வந்ததிலிருந்து அட்டைப்படத்தில் இருப்பது நான்தான் என்று மூன்று பேர் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் பத்திரம் எழுதிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற நோத்தேர். ஒருவர் ரொட்டிக் கடைக்காரர். மூன்றாமவர் அப்பாவைவிட ஓர் அடி உயரமாம். அந்தப் படத்தை வைத்து இவர்கள் யாரையும் இல்லை என்று சொல்ல முடியாது. லொரான் தேதி எழுதமாட்டார், பெயரும் வைக்கமாட்டார். ஆதாரம் இல்லாமல் யார் பெயரையும் போடுவதில்லை என்று ஈனெஸ் முடிவு செய்திருந்தார். நியாயமான முடிவு. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அப்பா உள்தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் 'எண் 2146', 'எண் 4127' என்று அச்சாகியிருந்தது.

"இதெல்லாம் இன்னா நம்பரு?"

"ஓவியரே படத்துக்குப் பின்னாடி எழுதிவச்சது சார்" என்றார் கோபிநாத். "வித்தது போக இங்க மீதி இருக்கறதுல இருபத்திரண்டு படத்துல இருக்கு. அதைப்பத்தித்தான் என் கட்டுரையில மூணு பக்கம். எண் தொடர்னு பேர் வச்சிருக்கேன்."

அப்பா தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். தூரத்தில் கொண்டுபோனார்.

"இது ரீடிங்கு" என்றார்.

"என்னது?"

"இந்த வூட்டு மீட்டரு ரீடிங்கு. நாலாயிரத்து நூத்தி இருவத்தேழு. நான்தான் எழுதினேன். மறந்துடும்னு."

கோபிநாத் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் மூன்று பக்கம் எழுதிவிட்டார். தாளை எடுத்துப் படித்துக் காட்டினார். "பாருங்க சார், இந்த எண்கள் முதல்ல மெதுவா ஏறுது. அமைதியான காலம். திடீர்னு ஒரு கட்டத்துல தாவித் தாவி ஏற ஆரம்பிக்குது. கலைஞனுக்குள்ள ஒரு வெடிப்பு நடந்திருக்கு."

"ஃபிரிட்ஜ் வாங்கினாரு" என்றார் அப்பா. "எம்பத்தெட்டு. கோடை."

"சரி. ஒன்பதாயிரத்து எண்ணூத்தி அறுபது வரைக்கும் போகுது. அடுத்த படத்துல வெறும் முப்பத்தேழு. எல்லாத்தையும் துறந்துட்டு ஆரம்பத்துக்குத் திரும்பறார். இதை நான் துறவுக் கட்டம்னு எழுதியிருக்கேன்."

"மீட்டரு நின்னுபோச்சு சார். கம்ப்ளெயிண்ட் எழுதி நான்தான் மாத்த வச்சேன். தொண்ணூத்தி மூணு. புது மீட்டரு சைபர்லேருந்துதான் ஆரம்பிக்கும்."

ஈனெஸ் எழுந்து உள்ளே போய்விட்டார். சிரிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். திரும்பிவந்தபோது கையில் பெரிய பிஸ்கட் டின் இருந்தது. லொரான் எதையும் தூக்கியெறியாதவர். இருபது வருட மின்கட்டண ரசீதுகள் கம்பியில் குத்தியபடி அதற்குள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ரீடிங், ரீடிங் எடுத்த தேதி.

அதன்பிறகு என் வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. இருபத்திரண்டு எண்ணில் பத்தொன்பது, ரசீதில் இருந்த எண்ணோடு கடைசி இலக்கம்வரை பொருந்தின. மூன்றுக்கு ரசீது கிடைக்கவில்லை. முன்னும் பின்னும் உள்ள ரசீதுகளை வைத்து மாதத்தைக் கணக்கிட்டேன். அப்பாவை ஒரு தாளில் ஒன்பதுவரை எழுதச் சொல்லி, கையெழுத்தையும் ஒப்பிட்டோம். அவருடைய நாலு, மூடாத நாலு. ஈனெஸ் எனக்குக் கை கொடுத்தார். தேதியே இல்லாத ஓவியருக்கு இருபத்திரண்டு தேதி கிடைத்திருக்கிறது என்றார். இருபத்திரண்டு படத்திலும் சாமிக்கண்ணு என்று பெயர் போடுவதாகச் சொன்னார். கோபிநாத் மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு வீட்டின் மின்சாரமும் ஒரு மனிதனின் முகமும் சேர்ந்து வளர்ந்ததைப் பற்றி ஐந்து பக்கம் எழுத ஆரம்பித்தார்.

அட்டைப்படத்தின் பின்பக்கத்தில் எண் இல்லை. பாரிசில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பும்போது துணி நைந்துபோயிருந்ததால் பின்னால் புதுத் துணி ஒட்டிவிட்டார்களாம். பென்சில் எழுத்து இருந்தால் அதற்கு உள்ளே இருக்கும். பிரித்தால் படம் போய்விடும்.

"அட்டைக்கு மட்டும் 'பெயர் தெரியாத மனிதர்'னு போட்டுடறேன் அண்ணே. என் மனசு நீங்கதான்னு சொல்லுது. மனச அச்சடிக்க முடியாதில்ல" என்றார் ஈனெஸ்.

அப்பா தலையாட்டினார். வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறாமல் தள்ளியபடியே நடந்தார். இருபத்திரண்டு படத்தில் பேர் வருகிறதே என்றேன்.

"அந்த இருவத்திரண்டு நாளும் உங்கம்மாகிட்ட சண்ட இல்லயேமா" என்றார்.

பிப்ரவரியில் ஈனெஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். படங்களை அச்சிடச் சம்மதக் கையெழுத்து வாங்க. கோபிநாத்தும் கூட வந்திருந்தார். காட்டுவதற்காக அட்டைப்படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலில் விரித்து நாலு மூலையிலும் அப்பாவின் கண்ணாடிக்கூடு, என் கால்குலேட்டர், இரண்டு டம்ளர் என்று பாரம் வைத்தோம். அம்மா காபி கொண்டுவந்தாள். விருந்தாளிகள் இருந்ததால் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மரியாதையாகத் திரும்பினாள். சமையற்கட்டு வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பிவந்து குனிந்தாள்.

"இந்தச் சட்டையவா போட்டுக்கினு போயி உக்காந்தீங்க?"

"எந்தச் சட்டைமா?" என்றார் ஈனெஸ், மெதுவாக.

"இதோ பாருங்க. வெள்ளச் சட்டைக்கு நடுவுல காபிக் கலர் பட்டனு. பட்டனு போயிடுச்சி, வீட்ல வேற இல்ல, இவளோட ஸ்கூல் யூனிபாரத்துலேருந்து வெட்டித் தச்சேன். இது வூட்டோட போடற சட்ட, வெளிய போடாதீங்கன்னு சொல்லித்தான் தச்சேன்."

கோபிநாத் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அது காயம். மார்பு நடுவுல ஒரு பழுப்பு நிறக் காயம். பாரிஸ்லகூட அப்படித்தான் எழுதியிருக்காங்க."

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "காயத்துல நாலு ஓட்ட இருக்குமா தம்பி?"

குனிந்து பார்த்தோம். நாலு ஓட்டை. நடுவே பெருக்கல் குறியாக நூல். நூல் கறுப்பு.

"வெள்ள நூலும் இல்ல அன்னைக்கி" என்றாள் அம்மா. அவள் கோபம் இப்போதுதான் சரியாகப் பிடித்திருந்தது. "பாரிஸ்ல எல்லாம் பாத்திருப்பாங்களே. பொண்டாட்டி ஒரு பட்டனு தைக்க வக்கில்லாதவன்னு நெனச்சிருப்பாங்க. நான் கெரகப்பிரவேசத்துக்குப் புதுச் சட்ட இஸ்திரி போட்டு ஆணியில மாட்டி வச்சிருந்தேன். வேலைய முடிச்சிட்டு வந்து அதப் போட்டுக்கிறேன்னாரு இந்த மனுஷன். கடைசில இந்தச் சட்டையோட வந்து நிக்கிறாரு, என் தம்பி வூட்டு வாசல்ல, மூணரை மணிக்கி—"

நிறுத்தினாள்.

ஈனெஸ் பையிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். தேடினேன். 1991 ஜனவரி 25, வெள்ளிக்கிழமை. ரீடிங் 7614. எடுத்தவர் முதலெழுத்து சா.

பதினாறு வருடம் வேளைகெட்ட வேளையில் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, இப்போது கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் தட்டு ஒரு சுற்று முழுதாக ஓடி முடிந்திருக்கும்.

"காபி ஆறுது. குடிங்க" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

இதோடு முடிந்திருந்தால் அப்பாவுக்கு முழு வெற்றி. ஈனெஸ் சந்தோஷத்தில் ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசிவிட்டார்.

"மாமா அன்னைக்கி ரொம்ப நேரம் உக்கார வச்சிருந்தா நிச்சயமா ஒய்ன் குடுத்திருப்பாரே அண்ணே. படம் முடிஞ்சா எல்லாருக்கும் ஒரு கிளாஸ் ஊத்திக் குடுப்பாரு. அது அவரு வழக்கம்."

அம்மா நிமிர்ந்தாள். "ஒரு கிளாஸா?"

"சின்ன கிளாஸு" என்றார் அப்பா. "மருந்து குடிக்கற கிளாஸு."

"அப்ப குடிச்சிட்டுத்தான் வந்தீங்க."

"கடைக்குப் போகலன்னுதான சொன்னேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். சரிதான். பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் 'குடிக்கல' என்று சொன்னதில்லை. கொடுத்த வாக்குமூலம் ஒவ்வொன்றும் துல்லியமாக இருந்திருக்கிறது.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மனசுக்குள் ஏதோ கழித்தாள். "சின்ன கிளாஸுக்கு ரெண்டு நாள் போதும்" என்றாள். "நான் ஒம்பது நாள் அதிகமாப் பேசாம இருந்துட்டேன்." இது மன்னிப்பு. எங்கள் வீட்டில் அதற்குமுன் அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை. பிறகு ஈனெஸிடம், "பேரு போடுங்கம்மா. இவருதான். நான் எங்க வேணா வந்து சொல்றேன்" என்றாள். "அந்தப் பட்டன மட்டும் வெள்ளையாக்க முடியாதா?"

முடியாது என்று ஈனெஸ் விளக்கினார். கொஞ்ச நேரம் ஆனது.

புத்தகம் 2007 டிசம்பரில் வந்தது. இருநூற்று நாற்பது பக்கம். எடை இரண்டு கிலோ முந்நூறு கிராம், நிறுத்துப் பார்த்தேன். அட்டைப்பட விவரம் நாலாம் பக்கத்தில், பிரெஞ்சிலும் தமிழிலும்: சாமிக்கண்ணு, மீட்டர் ரீடர், 25 ஜனவரி 1991. அப்பாவுக்கு இரண்டு பிரதி கொடுத்தார்கள். அவர் அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு, இலக்கமெல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

அம்மாவுக்கு வேலை பாக்கியிருந்தது. பிறந்த வீட்டார் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னாலேயே திரும்ப வாங்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் துண்டில் சுற்றி அரிசிப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நோணாங்குப்பம் பஸ் ஏறினாள். ராஜாங்கம் மாமா வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பாயின்மேல் புத்தகத்தை வைத்தாள்.

"உன் வூடு கெரகப்பிரவேசத்தன்னைக்கி உங்க மாமா இங்கதான் உக்காந்திருந்தாரு" என்று அட்டையைக் காட்டினாள். "கடையில இல்ல. அச்சுல போட்டிருக்குது. நான் அன்னைக்கி தப்பாச் சொல்லிட்டேன்."

ராஜாங்கம் மாமா படத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"யக்கா, இது மாமா மாதிரியே இல்லியே."

"உனக்குப் படம் பாக்கத் தெரியல" என்றாள் அம்மா. "மொகத்துலேருந்து ஆரம்பிச்சா இப்பிடித்தான். கீழேருந்து வா. மொதல்ல பட்டனப் பாரு. அப்புறம் காலரு. கழுத்து. மெதுவா மேல போ. அவசரப்படாத."

மாமா விரலை வைத்து மெதுவாக மேலே போனார். அவர் மனைவியும் பிள்ளைகளும் தலையை நீட்டிக் கூடவே போனார்கள். தாடையில் கொஞ்சம் நின்றார்கள். பச்சை மூக்கில் ரொம்ப நேரம் நின்றார்கள். எதிரே நாற்காலியில் அப்பா, ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு வசதியாக, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.